நீல எலும்பு

இல்லண்ணே, பேரனுக்கு இல்ல. எனக்குத்தான். சிரிக்காதீங்க. எனக்கு முன்னாடி வரிசையில நின்னதெல்லாம் மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைங்க. அந்தக் கடைசிப் பொடிசு ஊசியப் பாத்துப் போட்ட கூச்சல்ல நானே ஓடிடலாமான்னு நினைச்சேன். குருத்தோலை விக்கிற அம்மா கேட்டுச்சு, பேரனுக்கா பச்சை குத்தப் போறீங்கன்னு. ஆமான்னு சொல்லிட்டேன். கோயில் வாசல்ல நின்னுக்கிட்டே ஒரு பொய். பழகிப்போச்சு, என்ன பண்ண.

கைய இப்பவே நீட்டணுமா? கொஞ்சம் இருங்க. மூச்சு விட்டுக்கறேன்.

சின்ன வயசுலயே ஏன் குத்தலன்னா கேக்குறீங்க? அப்பா விடல. எங்க தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் மணிக்கட்டுல பச்சை குத்தின சிலுவை இருந்துச்சு, எனக்கு மட்டும் இல்ல. அம்மா என்னைத் தூக்கிட்டுத் திருவிழாவுக்குக் கிளம்பும், அப்பா பாதி வழியில வந்து பிடிச்சிடுவாரு. பேரு கூட பொதுப் பேராப் பாத்து வச்சாரு. ரிஃபாத். பள்ளிவாசல்லயும் நாலு ரிஃபாத் இருப்பான், கோயில்லயும் நாலு ரிஃபாத் இருப்பான். கை வெறுமனே இருந்தா பையன் எங்க வேணா பொழச்சுக்குவான்னு சொல்வாரு. அவரக் குத்தம் சொல்ல முடியல. பொழச்சேனே.

தன்தா ஊர்ல ஒரு பேக்கரி, ஸ்டேஷனுக்குப் பின்னாடி. மாவு பிசையிற வேல. தாடியும் நரைச்சாச்சு, இன்னும் அங்கதான். நான் முஸ்லிம்னு யார்கிட்டயும் ஒரு தடவ கூட வாய் திறந்து சொன்னதில்ல, அது மட்டும் சத்தியம். யாரும் கேக்கல, நானும் சொல்லல. வெள்ளிக்கிழமை எல்லாரும் தொழப் போயிட்டா அடுப்ப யாராவது பாக்கணும்ல, நான் பாத்துக்குவேன். பாரு, நமக்காக அவன் தொழுகைய விடுறான்னு என்னைத்தான் புகழ்வாங்க. முதலாளி ஹாஜி ரத்வானுக்குத் தெரியும், அடையாள அட்டையில மதம் எழுதியிருக்கே. நல்ல மனுஷன், மூச்சு விட மாட்டாரு.

மேஸ்திரி பேரு பயூமி. அவனக் கெட்டவன்னு சொல்லிட்டா எனக்குச் சுலபமாப் போயிடும், ஆனா அவன் கெட்டவன் இல்லண்ணே. எனக்கு ஒருதரம் அடுப்படியிலேயே மயக்கம் வந்து விழுந்தப்ப என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன். அவன் வீட்டுக் கல்யாணத்துல எனக்குப் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டான். வாய்தான். அந்த வாய் ஒரு விஷயத்துல மட்டும் சாக்கடை.

போன வருஷக் கடைசியில அபனூப்னு ஒருத்தன் வேலைக்கு வந்தான். முப்பது வயசு இருக்கும், பொண்டாட்டி மாசமா இருந்தா. அந்தப் பேரக் கேட்டாலே கிறிஸ்தவன்னு தெரிஞ்சிடுமே, கையப் பாக்கவே வேணாம். கையிலயும் சிலுவை, நல்லா எடுப்பா. நீங்க போட்டதா கூட இருக்கலாம். மொத நாளே பயூமி ஆரம்பிச்சிட்டான். வந்துட்டாண்டா நீல எலும்புன்னான்.

ஆமா, இந்த எகிப்துல நம்ம கிறிஸ்தவங்கள அப்படித்தானே சொல்வாங்க, அந்தக் காலத்துல கனமான சிலுவையக் கழுத்துல மாட்டிவிட்டு எலும்பே நீலமாப் போச்சுன்னு. நான் அத மத்தவங்க வாயில கேட்டிருக்கேன், ஆனா எனக்குப் பக்கத்துல நிக்கிறவனப் பாத்து, நாளெல்லாம், விடாமக் கேட்டது அப்பத்தான். நீல எலும்பே, மாவத் தொடாத, நெய் கெட்டுரும். நீல எலும்பே, தள்ளி நில்லு, உங்க ஆளுங்க வாடை அடிக்குது. அவன் சொல்லிட்டுத் தொடையத் தட்டிச் சிரிப்பான், கூட நாலு பேரு சிரிப்பாங்க.

நானா? நானும் சிரிச்சேன். சும்மா சிரிச்சிருந்தாக் கூடப் பரவால்ல. ஒருநாள் பயூமி மூக்கப் பொத்திக்கிட்டு என்னப் பாத்தான், நீயும் ஏதாவது சொல்லேன் மாப்ளங்கிற மாதிரி. ஈஸ்ட்டுக்குப் பதிலா இவன் கைய முக்கினாப் போதும், அந்த நாத்தத்துலயே மாவு தானாப் பொங்கிடும்னு சொன்னேன். அன்னிக்கு எல்லாரும் சிரிச்ச மாதிரி என்னைக்கும் சிரிச்சதில்ல. அபனூப் நிமிர்ந்து பாக்கல. அடுப்புல நிக்கிற மஹ்ரூஸ் கிழவர், அஞ்சு வேளையும் தொழுறவரு, அவருதான் சொன்னாரு, பயூமி, போதும், அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைன்னு. அவரு சொல்லிட்டாரு. நான் சொல்லல.

அப்புறம் நோன்பு வந்துச்சு. இந்த வருஷம் அவங்க ரமலானும் நம்ம தவக்காலமும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சுதே, என் கதி எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. பகல்ல அவங்கள மாதிரியே நானும் தண்ணி குடிக்கக் கூடாது. பாங்கு சொன்னதும் அவங்க கறிய எடுத்து வைப்பாங்க, நமக்குக் கறி, நெய், பால் எதுவும் ஆகாது. உலகத்துல ரெண்டு சாமிக்கும் ஒரே வயித்துல நோன்பு இருந்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். வயித்துப் புண்ணு, டாக்டர் கறிய நிறுத்தச் சொல்லிட்டாருன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

மொத நாள் சாயங்காலம் எல்லாரும் வட்டமா உக்காந்திருக்கோம். அபனூப் அவன் பாட்டுக்கு எண்ணெய் ஊத்தின மொச்சையத் தின்னுக்கிட்டிருக்கான். நான் கறியத் தொடாம பேரீச்சம்பழத்த வச்சு உருட்டிக்கிட்டிருக்கேன். அபனூப் என்னை ஒரு பார்வை பாத்தான். மொச்சைத் தட்ட மெதுவா என் பக்கம் நகத்தி வச்சான். அவனுக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே. அதுக்கப்புறம் தினமும் ஒரே தட்டுல தின்னோம், ஒரு வார்த்த பேசிக்கல. பகல்ல நான் வழக்கம் போல சிரிச்சேன்.

சொல்றேன், சொல்றேன், அதுக்குத்தான் வரேன்.

ஈதுக்கு நாலு நாள் இருக்கும். ஈதுக்குச் சுடுற கஹ்க் பிஸ்கட்டுக்கு மாவு பிசைஞ்சு பெரிய தொட்டியில ஊற வச்சு, மேல துணி போட்டு மூடியாச்சு. ஹாஜி மெக்காவுக்கு உம்ரா போயிருந்தாரு, எல்லாம் பயூமி பொறுப்பு. பொங்கிடுச்சான்னு பாக்கத் துணியத் தூக்கினவன் அப்படியே நின்னுட்டான். மாவு மேல சிலுவை. நெடுக்க ஒண்ணு, குறுக்க ஒண்ணு, கையாலயே கிழிச்ச கோடு, மாவு பொங்கப் பொங்க அதுவும் நல்லா அகலமாயிருந்துச்சு.

உங்க வீட்லயும் உண்டா? எங்கம்மாவும் அப்படித்தான். சிலுவை போடாம மாவ மூடாது. போடலன்னா மாவு பொங்காதுன்னு சொல்லும். நம்ம வீட்ல எல்லாருக்கும் கை பழகின விஷயம்.

பயூமிக்கு முகம் வெளுத்துப்போச்சு. ரமலான் மாசம், ஊரே ஈதுக்குத் திங்கப்போற பண்டம், அதுல எவன்டா இந்த வேலையப் பாத்ததுன்னு கத்தினான். கேட்டது எல்லாரையும். எல்லாரும் பாத்தது ஒருத்தன. அபனூப் கையில இருந்த மாவ ஏப்ரன்ல துடைச்சான். இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. பயூமி என் பக்கம் திரும்பினான். மாப்ள, நீ இங்கேயே தானே நின்ன, இவன் போட்டத நீ பாத்தியான்னான்.

பாத்தேன்னு சொன்னேன்.

இல்லண்ணே, என்னத் தேத்தாதீங்க. கண்டதச் சொன்னது தப்பான்னு நீங்க கேக்குறது நல்ல மனசுல. அபனூப் என்னப் பாத்தான், மொச்சைத் தட்டுக்கு மேல பாத்தானே, அதே பார்வை. அப்புறம் ஏப்ரன அவுத்து மடிச்சு ஆணியில மாட்டினான். பழக்கதோஷம், மன்னிச்சுக்குங்கன்னு பயூமிகிட்ட சொல்லிட்டு வெளிய போயிட்டான்.

மாவா? அவ்வளவு நெய்ய எவன் கொட்டுவான். பயூமி உள்ளங்கையால தடவி அழிச்சிட்டு, பிஸ்மில்லா சொல்லி உருட்டச் சொன்னான். ஈதுக்குத் தெருவே தின்னுச்சு. ஒருத்தருக்கும் வயிறு வலிக்கல. இந்த வருஷம் ரொம்பப் பதம்னு ஆள் மாத்தி ஆள் வந்து பாராட்டினாங்க.

முந்தாநேத்து அபனூப் வீட்டத் தேடிப் போனேன். அவன் இல்ல, எங்கயோ கட்டடத்துல கல்லு சுமக்கிறானாம். பொண்டாட்டிதான் கதவத் திறந்துச்சு, இடுப்புல பச்சப்பிள்ள. என் பேரச் சொன்னதும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு டீ போட்டுக் குடுத்துச்சு. அந்த இடத்துல மனுஷன்னா நீங்க ஒருத்தருதான்னு அவரு சொல்வாரு, தட்டு பிரிக்காமச் சாப்பிட்டவருன்னு சொல்வாருன்னுச்சு. டீய அப்படியே கீழ வச்சிட்டேன். என்ன நடந்துச்சுன்னு அவன் வீட்ல சொல்லவே இல்லண்ணே. எனக்கு அது தாங்கல. அவன் என்னத் திட்டியிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன்.

சரி, போடுங்க. ஆங், மணிக்கட்டு வேணாம். மணிக்கட்டுல போட்டா நான் கடிகாரத்தக் கட்டி மறைச்சிடுவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். சட்டைக் கையும் கீழ இறங்கிடும். இங்க போடுங்க. சுண்டுவிரலுக்குக் கீழ, இந்த விளிம்புல. வலிக்கும்னு தெரியும், எலும்பு மேல ஊசி படும். படட்டும். அங்க சீக்கிரம் மங்கிடுமா? மங்கினா மறுபடி வரேன், மறுபடி குத்துங்க. காலையில வேலைக்குப் போனதும் பயூமி கை குடுப்பான், தினமும் குடுப்பான், அவன் விரல் சரியா இங்கதான் படும். என்னடா இதுன்னு கேப்பான். கேக்கட்டும், சொல்லணும்.

விரல மடக்கணுமா? சரி, மடக்கிட்டேன். கெட்டியாப் பிடிச்சுக்குங்க. அன்னிக்கு மாவுத் தொட்டிகிட்ட நின்னப்பவும் இதே கைதான். அபனூப் பக்கத்துல நின்னு நோன்புப் பாட்டு ஒண்ண மெல்ல முனகிக்கிட்டு இருந்தான், எங்கம்மா பாடுறது. நான் மாவத் தட்டிச் சமமாக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியாமலே கை போச்சுண்ணே. நெடுக்க ஒண்ணு, குறுக்க ஒண்ணு, இந்த விளிம்பாலதான். நானே துணியப் போட்டு மூடினேன்.

குத்துங்க.