பாதிரிப் பொந்தில் ஒரு விருந்தாளி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி காத்திருக்கும். யார்க்‌ஷயர் புட்டிங் காத்திருக்காது. அடுப்பிலிருந்து எடுக்கும்போது அந்த மாவு கிண்ணம் கிண்ணமாக உப்பி நிற்கும். யாரோடாவது இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டு வந்தால் அமுங்கிப் போயிருக்கும். இன்ஸ்பெக்டரம்மா, நடந்ததைப் புரிந்துகொள்ள இது ஒன்று தெரிந்தாலே உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

என் பெயர் டெனிஸ் ஆப்லியார்ட். ‘கரடியும் கடிவாளமும்’ விடுதியை நானும் என் மனைவி மாவிஸும் நடத்துகிறோம். வாசல் பலகையில் 1472 என்று போட்டிருக்கும். உள்ளே வருகிறவர்கள் உத்திரத்தில் தலையை இடித்துக்கொள்வார்கள். இடித்துக்கொண்டு உத்திரத்திடமே மன்னிப்பும் கேட்பார்கள். நம் ஜனங்கள் அப்படி. தலையில் இடிக்காத இடத்தில் சரித்திரம் இருப்பதாக அவர்களுக்கு நம்பிக்கை வராது. தரை சாய்ந்திருக்க வேண்டும். படுக்கையறைக் கதவு சாத்தாமல் நிற்க வேண்டும். குழாயில் வெந்நீர் வருவதற்குள் ஆள் வெடவெடத்துப் போக வேண்டும். இதையெல்லாம் ஒரு புது ஹோட்டலில் செய்து பாருங்கள், வழக்குப் போடுவார்கள். எங்களிடம் அடுத்த வருஷத்துக்கும் அறை சொல்லிவிட்டுப் போவார்கள்.

எதிர்ச்சாரியில் ‘உழவனும் வாத்தும்’ என்று இன்னொரு விடுதி இருக்கிறது. அவர்களிடம் தலையில்லாத சீமாட்டி ஒருத்தி உண்டு. ஆனால் அவள் வருவது மார்கழிப் பனியில் ஒருமுறை, அதுவும் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்தவர்களுக்கு மட்டும். எங்கள் ஃபாதர் ஆன்செல்ம் ஞாயிறு தவறாமல் வருவார்.

கத்தோலிக்கப் பாதிரிகளைப் பிடித்துத் தூக்கில் போட்ட காலத்தில், பெரிய வீடுகளில் அவர்களை ஒளித்துவைக்கச் சுவருக்குள் பொந்து விடுவார்கள். எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் கணப்புக்குப் பக்கத்து மரச்சுவரின் பின்னால் அப்படி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஃபாதர் ஆன்செல்மை ஒளித்து வைத்த விடுதிக்காரன் பயத்தில் திறக்காமலே இருந்துவிட்டான். அவர் உள்ளேயே இறந்துபோனார். இன்றும் தட்டுகிறார். இதுதான் கதை. பொந்தை நான் கூரை பழுதுபார்த்த கோடையில் கட்டினேன். ஃபாதர் ஆன்செல்மை அதற்கடுத்த குளிர்காலத்தில், கணப்பின் அருகே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தேன். தட்டுவது மாவிஸ். “கிரேவி இன்னும் கொஞ்சம்?” என்று நான் உரக்கக் கேட்டால், அவள் பொந்துக்குப் பின்னால் இருக்கும் பண்டக அறைக்குப் போய்ச் சுவரில் பூரிக்கட்டையால் மூன்று தட்டு தட்டுவாள். யாருக்கும் நஷ்டமில்லை. கிரேவியும் நிறையச் செலவாகும்.

டாக்டர் கொலின் தர்ஸ்பி வெள்ளிக்கிழமை வந்தார். பழைய விடுதிகள் சங்கம் வருஷா வருஷம் போடும் கையேட்டை எழுதுகிறவர். எந்த விடுதி நிஜமாகப் பழையது என்று அவர் எழுதுவதை வைத்துத்தான் ஜனங்கள் மூட்டை கட்டுகிறார்கள். நல்ல மனுஷன். ஈரத் துண்டை மடித்து வைப்பார். மாட்டிறைச்சியும் சிறுநீரகமும் உள்ளே வைத்து மாவு மூடிச் சுட்ட ‘பை’ அவருக்குப் பிடித்துப் போய் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வழக்கப்படி, வாய் நிறைய இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டேன். அருமை என்று கையாலேயே காட்டினார்.

ஞாயிறு காலை டார்ச்சோடு கூடமெல்லாம் சுற்றினார். உத்திரங்களைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். முகத்தில் அவ்வளவு கனிவு.

“மிஸ்டர் ஆப்லியார்ட், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க உத்திரமெல்லாம் வெறும் டப்பா. பலகைய அடிச்சு மேல கருப்பு பூசியிருக்காங்க.”

“பழைய கருப்பு,” என்றேன்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சு இருக்கும். கார்ல ஊர் சுத்தறவங்களுக்காக எதோ பீர் கம்பெனி கட்டின எடம். அந்த வகையில இது ரொம்ப நல்ல மாதிரி. அப்படியேதான் எழுதப் போறேன். உங்களுக்குப் பெருமைதான்.”

நீங்கள் அதை என் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். 1472 என்கிற எண்ணை எடுத்துவிட்டால், சாய்ந்த தரை வெறும் சாய்ந்த தரை. வராத வெந்நீர் வெறும் வராத வெந்நீர். நான் ஒரு பழங்காலத்து விடுதிக்காரன் என்பது போய், தலையில் இடிக்கிற மாதிரி கட்டிடத்தை வைத்துக்கொண்டிருக்கிற ஆள் என்று ஆகிவிடுவேன். ‘உழவனும் வாத்தும்’ கடைக்காரன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிப்பான். வசந்தம் வருவதற்குள் நாங்கள் மூடியிருப்போம்.

பொந்தையும் பார்த்துவிடலாமா என்று அவர்தான் கேட்டார். நான் கூப்பிடவில்லை. வாசல் குறுகல் என்பதால் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். போன் அதில்தான் இருந்தது. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். சந்தோஷமாகத்தான் நுழைந்தார்.

“இது முப்பத்தஞ்சுகூட இல்லியே,” என்று குரல் வந்தது. “காத்து வர வழியே காணோம். நெஜப் பொந்துன்னா மூக்குக்கு நேரா ஒரு துளையாவது விட்டிருப்பாங்க. இத கட்டினவருக்கு மனுஷன உள்ள வெக்கிற எண்ணமே இருந்திருக்காது.”

உண்மைதான். கட்டும்போது எனக்கு அந்த எண்ணம் இல்லை.

அந்தச் சமயத்தில் சமையலறையிலிருந்து மாவிஸ் கூப்பிட்டாள். “டெனிஸ், புட்டிங் உப்பிருச்சு. வர்றியா, இல்ல நானே எல்லாத்தையும் தலையில தூக்கிட்டுப் போகவா?”

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து அவர் என்ன சொன்னார் என்பதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். “மன்னிக்கணும் மிஸ்டர் ஆப்லியார்ட், கதவு மாட்டிக்கிச்சு போல. அவசரமில்ல. உங்களுக்கு ஒரு நிமிஷம் கெடைக்கும்போது பாருங்க.”

அவசரமில்லை என்று அவர் வாயால் சொன்னார். படித்தவர், யோசித்துப் பேசுகிறவர். அவர் சொல்லை மதித்தேன். விடுதி நடத்துகிறவனுக்கு ஒரு நிமிஷம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கூடம் நிறைந்திருந்தது. ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த ஓல்ராய்ட் தம்பதி பொந்துக்குப் பக்கத்து மேசையில். ஃபாதர் ஆன்செல்முக்காகவே, பொந்துக்கு நேர் மேலே இருக்கும் படுக்கையறையை எடுத்திருந்தவர்கள். மாவிஸும் நானும் கையில் தட்டுகளோடு நிற்கிறோம். தட்டல் கேட்டது. மாவிஸின் பூரிக்கட்டைத் தட்டல் இல்லை. மேலதிகாரியின் அறைக் கதவில் தட்டுவதுபோல, சின்னதாக, பணிவாக. மேசைகளில் பேச்சு நின்றது. திருமதி ஓல்ராய்ட் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு குரல். “ஹலோ? யாராவது இருக்கீங்களா? தொந்தரவுக்கு மன்னிக்கணும்.”

“இல்லல்ல, பரவாயில்லீங்க,” என்றார் திரு. ஓல்ராய்ட், சுவரைப் பார்த்து.

இத்தனை வருஷத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை அந்தக் கூடத்தில் நான் பார்த்ததில்லை. பெர்சி குட்ரிட்ஜ் என்று ஒருவர், பீர் குழாய்க்குப் பக்கத்து முக்காலியில் என் மாமனார் காலத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார். அவரே திரும்பி உட்கார்ந்தார்.

“பாதிரின்னா லத்தீன்ல இல்ல பேசணும்?” என்றார் பெர்சி.

“பாவம், இத்தன காலமா நம்ம பேச்சக் கேட்டுக்கேட்டு பழகியிருப்பாரு,” என்றார் திருமதி ஓல்ராய்ட்.

“என் பேச்சக் கேட்டு இப்படி வராதும்மா. இது லண்டன் பக்கத்துப் பணக்காரக் குரல்.”

மாவிஸ் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், உள்ளே யாரை வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். ஒரு நிபுணர் என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

“கெட்டிக்காரருதான். ஆனா ரொம்பப் பண்றாரு. திங்கறவங்களுக்கு எடஞ்சலா இருக்கும். கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லு.”

நான் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அவராகவே குறைத்துக்கொண்டார்.

ஆனால் அதற்கு முன்னால் அந்த மதியம். ஆப்பிள் கிரம்பிள் பரிமாறும்போது யாரோ கைதட்டினார்கள். உள்ளே தட்டல் வேகமானது. கைதட்டலும் வேகமானது. ஒரு கட்டத்தில் இரண்டும் தாளம் சேர்ந்துவிட்டது. பெர்சி முக்காலியிலேயே ஆடிக்கொண்டு மேசையைத் தட்ட, பின்மேசையில் ஒரு பாட்டு கிளம்பியது. எதிர்க்கடை வாடிக்கையாளர்கள் கோப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார்கள். கடைசியில் அந்தக் கடைக்காரனே வந்தான். கதவோரம் நின்று கேட்டான். முகம் தொங்கிப் போயிற்று. ஃபாதர் ஆன்செல்மின் நலத்துக்கு என்று எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். அவர் உள்ளேயிருந்து, “திறங்க, தயவுசெஞ்சு திறங்க,” என்றார். பின்மேசைக்காரர்கள் அதையே பாட்டின் பல்லவியாக எடுத்துக்கொண்டார்கள். நானும் பாடினேன். வீட்டுக்காரன் பாடாமல் நின்றால் மரியாதையாக இருக்காது.

இடையில் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவ்வளவு பேர் முன்னால் சுவரைத் திறந்து, கம்பளிக் கார்டிகன் போட்ட ஒரு ஆளை வெளியே எடுத்தால் அவர்கள் மனது என்ன பாடுபடும்? சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் திறக்க நினைத்தேன். அதற்குள் ஓல்ராய்ட் தம்பதி இறங்கி வந்து, இன்னும் ஒரு நாள் தங்கலாமா என்று கேட்டார்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல விடுமுறை வாய்த்ததே இல்லையாம். அந்த அம்மாள் கண் கலங்கியிருந்தது. வருகிறவர்களைச் சந்தோஷமாக அனுப்புவதுதான் என் தொழில். தர்ஸ்பிக்கும் ஒரு தட்டு எடுத்து, மூடி வைத்திருந்தேன். இறைச்சி, உருளைக்கிழங்கு, எல்லாம். அவரை மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை அவர் மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டார். அது எனக்கு வருத்தமாக இருந்தது. மத்தியானம் நான் கணப்பில் சாம்பல் அள்ளும்போது, சுவருக்கு அந்தப் பக்கம், கிட்டத்தில், “டெனிஸ்,” என்று கூப்பிட்டார். எங்களுக்குள் அவ்வளவு பழக்கம் கிடையாது. “டெனிஸ், நீங்க சொல்றபடியே எழுதறேன்,” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு அறிஞரை அவருடைய மனசாட்சிக்கு விரோதமாக எழுத வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சாம்பல் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் ஓல்ராய்ட் தம்பதியிடம் எல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்டேன். அருமை என்றார் கணவர். மனைவி தட்டில் இருந்த காளானை முள்கரண்டியால் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருந்தார்.

“சொல்லிருங்களேன்,” என்றார் கணவரிடம்.

“வேணாம், விடு. மனுஷன் சங்கடப்படுவாரு.”

“கொற சொல்றோம்னு நெனைக்காதீங்க,” என்று அந்த அம்மாளே சொன்னார். “நேத்து ராத்திரி அவரு வரவேயில்ல. ஒரு சத்தமும் இல்ல. எங்களுக்குக் கொஞ்சம் ஏமாத்தமாப் போச்சு.”

மன்னிப்புக் கேட்டேன். ஆளுக்கு ஒரு துண்டு பேக்கன் கூடுதலாக வைத்தேன். அவர்கள் நடைக்குக் கிளம்பியதும் போய்த் திறந்தேன்.

அவர் உட்கார்ந்திருந்தார். கார்டிகன் பொத்தான் எல்லாம் போட்டிருந்தது. கைகளைப் பற்றியும் மரச்சுவரின் உள்பக்கத்தைப் பற்றியும் உங்கள் டாக்டர் எழுதியிருப்பார். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. மாவிஸ் வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். “நீ சொன்ன நிபுணரு இவரா?” என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. உங்களுக்குப் போன் செய்தது நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாழ்ப்பாளைப் பற்றி மறுபடி கேட்கிறீர்கள். சரி. கதவு சாத்திக்கொண்டது என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. நான்தான் சாத்தினேன். வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். பழையதாகத் தெரியட்டும் என்று கனமானதாக வாங்கியது. இரண்டு கையாலும் தூக்கிப் போட வேண்டும். தூக்கிப் போட்டேன். உள்ளே காற்று வராது என்று அவர் சொல்லி அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கேட்டு, நம்பி, அதற்குப் பிறகுதான் போட்டேன். புட்டிங்கும் அன்று அமுங்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். எங்களைப் புரட்டர்கள் என்று எழுதுவார்கள். பொந்தில் யாரும் இறக்கவில்லை, யாரும் தட்டவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்பார்கள். அவர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். படித்த மனுஷர் ஒருவரை விடுதிக்காரன் உள்ளே வைத்துத் தாழ் போட்டான். அவர் தட்டினார். கூடம் நிறைய சாட்சிகள் கேட்டார்கள். அவன் திறக்கவில்லை, அவர் உள்ளேயே இறந்துபோனார். கதையில் எந்த இடம் தப்பு என்று அவர்களே காட்டட்டும். நாங்கள் பொய் சொன்னதில்லை, இன்ஸ்பெக்டரம்மா. கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டோம், அவ்வளவுதான்.