திருமுருகன் வீட்டு மொய் விருந்தில் நான் திருப்பிக் கொடுத்த நாற்பதாயிரம்

பெயர் சோ. திருப்பதி, வயது 32, த/பெ. சோலையப்பன், கதவு எண் 2/114, மேலத்தெரு, வேம்பங்காடு கிராமம், ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம். படிப்பு டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ். 14.08.2025 அன்று காலை மனு விசாரணைக்கு நிலையத்தில் ஆஜராகி, ஆய்வாளர் கேட்டதற்கு நான் சொல்லி, தலைமைக் காவலர் குணசேகரன் எழுதிக்கொண்டது.

நான் மேற்படி விலாசத்தில் தற்போது தனியாகக் குடியிருந்து வருகிறேன். மொய் விருந்துகளில் கம்ப்யூட்டரில் மொய் பதிந்து ரசீது கொடுப்பதும், நோட்டு எண்ணும் மெஷின் கொண்டுபோய் வைப்பதும் என் தொழில். அதற்கான சாப்ட்வேரை நானே எழுதினேன். என் மனைவி கார்த்திகா அடுத்த மேசையில் உட்கார்ந்து பெயரையும் ஊரையும் சரிபார்ப்பார். அவர் 21.02.2025 அன்று இறந்துவிட்டார். அதன்பிறகு இரண்டு மேசையையும் நானே பார்த்து வருகிறேன்.

10.08.2025 ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் திருமுருகன் வீட்டு மொய் விருந்துக்கு என்னைப் பேசியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு மெஷின், பிரிண்டர், பேட்டரி எல்லாம் மண்டபத்தில் வைத்துவிட்டேன். சுமார் பதினொன்றரை மணிக்கு இளநீர் வியாபாரம் செய்யும் ஆண்டியப்பன் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அறுபதாயிரம் கொடுத்தார். மூன்று வருடத்துக்கு முன்பு அவர் வைத்த விருந்தில் திருமுருகன் செய்த மொய் இருபதாயிரம். அதைத் திருப்புவதோடு நாற்பதாயிரம் புது மொய் போடுவதாகச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து அவர் விருந்து வைக்கும்போது அது கூடுதலாகத் திரும்பி வரும் என்பது இங்கு எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பணம் முழுவதும் இருநூறு ரூபாய் நோட்டு, மொத்தம் முந்நூறு. மெஷினில் ஓட்டி, பதிந்து, ரசீது கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பந்தலில் போய் உட்கார்ந்தார்.

அதன்பிறகு சுமார் ஒரு மணிக்கு அவருடைய மனைவி சொர்ணவல்லி பந்திக்குப் போகாமல் நேராக என் மேசைக்கு வந்தார். பூக்கமிஷன் கடையில் பூ நிறுக்கும் வேலை பார்ப்பவர். அறுபதாயிரமும் தான் கூலியில் மிச்சம்பிடித்து அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தது என்றும், சில்லறையாகச் சேர்த்து இருநூறு ரூபாய் நோட்டாக மாற்றி வைப்பதுதான் தன் பழக்கம் என்றும், வீட்டில் திறந்து பார்த்தபோது இல்லை என்றும் சொன்னார். என் கம்ப்யூட்டரில் இருந்த பதிவும் அவர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. வாங்கிய இருபதாயிரம் போகட்டும், அது கடன், புதிதாகப் போட்ட நாற்பதாயிரத்தை மட்டும் கொடுத்துவிடும்படி கேட்டார்.

அதற்குள் வரிசையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டார்கள். ஆண்டியப்பன் எழுந்து வந்து, வீட்டுக்கு வா பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கையைப் பிடித்தார். சொர்ணவல்லி கையை உதறிவிட்டார். பின்னால் நின்ற ஒருவர், "கறிச்சோத்தத் தின்னுபுட்டு காசத் திருப்பிக் கேட்ட மொத ஆளு நீதான் ஆத்தா" என்றார். அதற்கு சொர்ணவல்லி, "நான் இன்னும் எலையிலயே ஒக்காரலைண்ணே" என்றார். சிலர் சிரித்தார்கள்.

சத்தம் கேட்டுத் திருமுருகன் வந்தார். கோபமாகப் பேசவில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, என்ன அவசரம் என்று விசாரித்தார்.

"அவசரம் இன்னும் வரலைங்க. வாரேன்னு சொல்லிட்டா வரும்?" என்று சொர்ணவல்லி சொன்னார்.

அப்படியானால் மொய்யும் சேமிப்புதானே, பணம் எங்கிட்டுப் போய்விடும் என்று திருமுருகன் கேட்டார். அதற்குச் சொர்ணவல்லி சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"கஜா புயல் அடிச்சப்ப நாங்க பதினாறு வீட்டுல மொய் போட்டு வச்சிருந்தோம். பதினாறு வீட்டுலயும் தென்னை சாஞ்சு கெடக்கு. ஒருத்தரு கூரையும் இல்ல. கரண்டு இல்ல, பேங்கு மெஷினும் இல்ல. யாருகிட்டப் போயி கேப்பேன்? அன்னைக்குப் போட்ட கணக்கு இது. நாப்பது நாளு சோறு, ஒரு ஆஸ்பத்திரி. அதுக்கு மேல ஒத்த ரூவா நான் பதுக்கலை."

விருந்து நடக்கும்போது வெளியே போகிற பணம் என்று ஒன்று கிடையாது, சாயங்காலம் பேசலாம் என்று சொல்லிவிட்டுத் திருமுருகன் பந்திக்குப் போய்விட்டார். ஆண்டியப்பனும் கூடவே போனார். சொர்ணவல்லி மேசையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதன்பிறகு நான் மொய்ப் பணப் பெட்டியைத் திறந்து இருநூறு ரூபாய் நோட்டு இருநூறு எடுத்து, அவர் கண் முன்னால் மெஷினில் ஓட்டி, கொடுத்துவிட்டேன். பழைய ரசீதை ரத்து செய்து இருபதாயிரத்துக்குப் புது ரசீது போட்டேன். ரத்து செய்யும் வசதி சாப்ட்வேரில் கிடையாது, விருந்து வைப்பவர்கள் வேண்டாம் என்பார்கள் என்பதால் நான் வைக்கவில்லை. டேட்டாபேசுக்குள் போய்க் கையால் மாற்றினேன். மாற்றிய நேரம் 1.22 என்று பதிவில் இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்குச் சொர்ணவல்லியிடம் கையெழுத்தும் வாங்கினேன். அந்தத் தாளை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

நான்கு மணிக்குப் பணத்தை ஒப்படைக்கும்போது நடந்ததை நானாகவே திருமுருகனிடம் சொன்னேன். அவர், "ஒன்னை நம்பித்தானடா பெட்டியைக் குடுத்தேன்" என்றார். அவர் சொன்னது சரி. பெட்டி என் பொறுப்பில் இருந்ததே தவிர பணம் என்னுடையது இல்லை, கொடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை. மறுநாள் அவர் நிலையத்தில் மனு கொடுத்ததாகத் தெரிந்தது.

இன்று காலை விசாரணைக்கு வந்தபோது மனுதாரர் திருமுருகனைத் தவிர சொர்ணவல்லியும் வந்திருந்தார். டிபன் டப்பாவுக்குள் அந்த நாற்பதாயிரத்தை வைத்துக் கொண்டுவந்து ஆய்வாளர் மேசையில் வைத்தார்.

"தம்பி மேல கேசு வேணாம் சார். அதுக்குப் பொண்டாட்டி போயி ஆறு மாசங்கூட ஆகலை. இத எடுத்துக்கங்க."

அதை வாங்க வேண்டாம் என்று நான் ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டேன். மனுதாரருக்குப் பணம் வேண்டுமானால் என் வங்கிக் கணக்கில் அறுபத்திரண்டாயிரம் இருக்கிறது, அதிலிருந்து நாற்பதாயிரம் கொடுக்கச் சம்மதம் என்றேன். திருமுருகன் டப்பாவுக்கு மூடியைப் போட்டுச் சொர்ணவல்லி பக்கமே தள்ளினார். "எடுத்துட்டுப் போம்மா. எனக்கு ரசீது இருவதாயிரத்துக்கே இருக்கட்டும்" என்றார். இனி எந்த விருந்துக்கும் என்னைக் கூப்பிடப்போவதில்லை என்றும் சொன்னார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆண்டியப்பன் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். சொர்ணவல்லி போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

சம்பந்தமில்லாத நான் ஏன் இதைச் செய்தேன் என்று ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அவசரத்துக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று எனக்கும் கார்த்திகாவுக்கும் பேச்சு வந்தது. நான் ஆறு மாதச் செலவு என்று எக்செல்லில் போட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. "யாருக்கும் போன் பண்ணாமக் கெளம்பணும். அம்புட்டு இருந்தாப் போதும்" என்றார். நாலு வருடத்தில் மூன்று லட்சம் சேர்ந்தது. அதை மொய்யில் போடச் சொல்லி என் அப்பா உட்பட எல்லோரும் கேட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

12.02.2025 அன்று காலை சாப்பிடும்போது அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. பத்து நிமிடத்தில் வண்டி பிடித்துத் திருச்சிக்குக் கிளம்பினோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். காப்பீட்டு அட்டை போகச் செலவு இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். பிழைக்கவில்லை. டாக்டர்கள் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை.

அங்கே காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம் மட்டும் உள்ளே விடுவார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்த கட்டுமாவடிக்காரர் தன் மகனுக்காகப் பணம் புரட்டப் போய்ப் போய் வந்ததில் பாதி நேரம் அவரால் பார்க்க முடியவில்லை. ஒன்பது நாளில் மொத்தம் பதினெட்டு தடவை. பதினெட்டு தடவையும் நான் உள்ளே போனேன். அதில் இரண்டு தடவை கார்த்திகா கண்ணைத் திறந்தார். இரண்டு தடவையும் நான் எதிரில் இருந்தேன். எனக்கு அது போதும்.

நான் சொன்னதைத் தலைமைக் காவலர் எழுதி, வரிக்கு வரி வாசித்துக் காட்டினார். எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நடந்தது இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சோ. திருப்பதி
14.08.2025