ஒரு கல் அளவு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில், பெருமுக்கல் தாண்டியதும் முன் சீட்டு அம்மாள் பக்கத்திலிருந்த மெக்கானிக்கிடம் சொன்னார்: "போன்ல நீ சொன்னபடியே ஒரு உப்புக்கல் அளவு திருப்பினேன் தம்பி. இஞ்சின் டக்கு டக்குன்னு அடிச்சுக்குது."

உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்க, பழைய கார் இஞ்சின் ஒன்றை கேஸில் ஓடும்படி மாற்றிக் கொடுத்தது அவன்தான் என்று பேச்சில் தெரிந்தது.

"கேஸு மெதுவா எரியும்க்கா. ஸ்பார்க் கொஞ்சம் முன்னாடியே விழணும். அதுக்குத்தான் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு கல்லு அளவு திருப்பச் சொன்னேன். என் கணக்கு தப்பாது."

"கோடு போட்டு, கல்லை வச்சு அளந்துதான் திருப்பினேன்."

"எந்தக் கல்லுக்கா?"

"எங்க பாத்திக் கல்லுதான். பன்னண்டு நாள் விளைய விட்டு வாரினது."

"ஐயோ, அது பட்டாணி சைஸ் இருக்குமே! நான் சொன்னது அஞ்சு நாள்ல வாரின சின்னக் கல்லு. இப்படியே ஓட்டினா பிஸ்டன் ஓட்டையாயிடும்."

அந்த அம்மாள் அசரவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உப்பளத்துக்காரிகிட்ட கல்லுன்னு சொன்னா, எத்தனை நாள் கல்லுன்னும் சேர்த்து சொல்லணும் தம்பி. நீ வர வேணாம். அஞ்சு நாள் கல்லை வச்சு நானே சரியா திருப்பிக்கிறேன்."