கையில் கட்டிய எலும்புக்கூடு

"எலும்புக்கூட்ட கையில கட்டிக்கிட்டு பொண்ணு நிச்சயத்துக்கு வராதீங்க."

பெரிய மார்க்கெட் பூக்கடையில் எனக்கு முன்னால் மாலைக்காக நின்ற பட்டுச்சேலைக்கார அம்மா, தன் வீட்டுக்காரரிடம்தான் இப்படிச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்துக்கு முகப்பே இல்லை. உள்ளே சின்னச் சின்னச் சக்கரங்கள் ஓடுவது வெளியே தெரிந்தது.

"ஸ்கெலிட்டன் வாட்சுன்னா அப்பிடித்தான்டி இருக்கும். பிரான்சு பாரீஸ்ல சொல்லி வெச்சி, ஆறு வருஷம் காத்திருந்து வாங்கினது."

"வாட்சு சேக்கறவராச்சேன்னு பெரியவ நிச்சயத்துல ஐயரு உங்களதான் மணி கேட்டாரு. முள்ளு எது, சக்கரம் எதுன்னு நீங்க தேடறதுக்குள்ள ராகுகாலம் பொறந்துடுச்சி. ராகுகாலத்துல தட்டு மாத்துனீங்கன்னு சம்பந்தியம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டுறாங்க. சின்னவளுக்கும் அந்தப் பேச்சு வேணுமா? பத்தரைக்கு ராகுகாலம். கழட்டுங்க."

"கழட்டி வெச்சா நின்னுடும். கை ஆடுனாதான் ஓடும்."

"மீதி பதினாலு வாட்சும் பீரோவுல நிக்கல?"

"அதெல்லாம் வேற."

கடைக்காரர் மாலையை நீட்டினார். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றி, அந்த அம்மாவின் கையில் வளையலுக்கு மேலே கட்டிவிட்டார்.

"நீதான் கைய ஆட்டி ஆட்டிப் பேசுவ. உங்கிட்ட நிக்காது."

அந்த அம்மா கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் திரும்பினார்.

"மணி என்னாங்க?"

"ஒம்பதே முக்கால்மா."

"வாங்க, வாங்க" என்று கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார்.