சுண்டுவிரலுக்கு முப்பத்தஞ்சு

— இன்னொரு தடவை ஓட்டுங்க மச்சான்.

— ஆறு தடவை ஓட்டியாச்சு மாப்ள. ஏழாவது தடவை மட்டும் திருந்திடுமா?

— கேபிளா இருக்கும்.

— பென் டிரைவ்ல கொண்டுவந்த பாட்டுக்கு ஏது கேபிள்?

— அப்போ... உங்க கம்ப்யூட்டர்.

— என் கம்ப்யூட்டரைத் திட்டாதே. இந்த ஸ்டுடியோவுல சொன்ன பேச்சு கேக்குறது அது ஒண்ணுதான். கீபோர்டுல அடி பலமா விழுந்தா வயலின் கூட்டத்துக்கு அனுப்பு, நடுத்தரமா விழுந்தா பியானோவுக்கு அனுப்பு, அம்பதுக்குக் கீழ விழுந்தா கனத்த குரல்ல பெரிய வயலின் மாதிரி இருக்கிற செல்லோவுக்கு அனுப்புன்னு சொல்லி வச்சிருக்கேன். மூணும் சாஃப்ட்வேர் வாத்தியம். அது பாட்டுக்குப் பிரிச்சு அனுப்புது.

— எனக்கேவா பாடம்? பன்னெண்டு வருஷமா உங்க மியூசிக் டைரக்டர் பெரியவருக்குக் கீபோர்டு வாசிக்கிறவன் நான்.

— அதான் கேக்குறேன். பியானோ பாட்டுக்கு ஓடுது. நடுவுல திடீர்னு ஒரே ஒரு செல்லோ... யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி. திரும்பப் பியானோ. மறுபடி ஒரு பெருமூச்சு. யார் வச்சது அதை?

— யாரும் வைக்கல. செல்லோவுக்கு வச்ச அந்த அம்பதைக் கொஞ்சம் இறக்குங்க, போயிடும். முப்பதுல வைங்க.

— நாப்பத்தஞ்சு.

— ஐயோ, முப்பத்திரண்டு.

— நாப்பது. அதுக்குக் கீழ இறங்கினா செல்லோக்காரன் வேலை இல்லாம வீட்டுக்குப் போயிடுவான்.

— சரி, முப்பத்தஞ்சு. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

— அது எப்படி மாப்ள? நாப்பதுல வச்சா பெருமூச்சு போகாது. முப்பத்தஞ்சுல வச்சாதான் போகும். ஸ்கிரீன் என் பக்கம் திரும்பியிருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?

— சும்மா... வாயில வந்துச்சு.

— இப்படி வந்து பாரு. செல்லோவுக்குப் போன அடி எல்லாம் முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, முப்பத்தஞ்சு, முப்பத்தேழு. ஒண்ணுகூட நாப்பதைத் தொடல.

— அந்தக் கட்டை கெட்டுப்போயிருக்கும். தூசி.

— இதே கட்டை பெருவிரலுக்கு வர்ற இடத்துல எண்பத்தெட்டு. சுண்டுவிரலுக்கு வர்ற இடத்துல முப்பத்தஞ்சு. தூசி என்ன, விரல் பாத்தா உக்காருது?

— அப்போ ஃபைல் கெட்டுப்போயிருக்கும்.

— நீ கொண்டுவர்ற மிடி ஃபைலுக்குள்ள சத்தமே கிடையாது மாப்ள. எந்தக் கட்டை, எவ்வளவு பலம். அவ்வளவுதான். ரெண்டு நம்பருக்கும் ஆள் முகம் பாத்துப் பேசத் தெரியாது.

— அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்லை.

— டீ ஆறுது. எடு.

— அப்புறம் குடிக்கிறேன்.

— இப்பவே. வலது கையால எடு.

— வேண்டாம் மச்சான்.

— ஏன்?

— சிந்திடும்.

— ...எத்தனை நாளா?

— பத்து மாசம். முதல்ல விரல் நுனி மரத்துச்சு. அப்புறம் சட்டை பட்டன் போட வரல. ஒரு டாக்டர் நரம்புன்னார். இன்னொருத்தர் கழுத்துன்னார். மூணாவது ஆள் எதுக்கு வம்புன்னு ரெண்டையும் சேத்துச் சொன்னார். இனிமே திரும்பாதுங்கிறதுல மட்டும் மூணு பேருக்கும் சண்டையே இல்லை.

— பத்து மாசத்துல முப்பது பாட்டு கொண்டுவந்திருக்கே.

— முப்பத்தொண்ணு.

— யார் வாசிச்சது?

— ஒரு பொண்ணு... வீட்டுக்கு டியூஷன் வர்ற பொண்ணு.

— டியூஷன் பொண்ணு.

— விடுங்களேன் மச்சான். இத்தனை நாளா இந்தப் பெருமூச்சு எதுவும் வரலையே, இன்னைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?

— காலைல பல்லைக் காட்ட டாக்டர்கிட்ட போயிருந்தேன். அந்த நேரம் பாத்து பெரியவரே வந்து உக்காந்து நான் பாக்குறதுக்குள்ள உன் ஃபைலைத் திறந்திருக்கார். நேத்துதான் அந்தச் செல்லோவைப் புதுசா போட்டு வச்சிருந்தேன்.

— திட்டினாரா?

— திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேனே. கண்ணை மூடிட்டு நாலு தடவை கேட்டாராம். ‘ஒரே ஒரு விரல் மட்டும் எதையோ நினைச்சு நினைச்சு அழுத்துதுய்யா’ங்கிறார். நாலு மணிக்கு உன்னை எதிர்ல உக்காரவச்சு, வாசிக்கிறதைக் கண்ணால பாக்கணுமாம்.

— நாலு மணிக்கா!

— இப்போ மூணேகால்.

— காய்ச்சல்னு சொல்லிடுங்க.

— நீ படியேறி வந்ததை ஜன்னல்ல நின்னு பாத்துட்டார்.

— வேற யாரையாவது வாசிக்கவச்சு... நான் பக்கத்துல நின்னு...

— யாரை? இங்க இருக்கிறவன் எல்லாருக்கும் பத்து விரலும் ஒழுங்கா இருக்கே! சுண்டுவிரலை மெதுவா அழுத்துடான்னா நடிப்பான், பத்தாவது அடியில மறந்துடுவான். இப்படி விழணும்னா ஒருத்தியாலதான் முடியும்.

— அந்தப் பொண்ணை உங்களுக்கு எப்படி...

— போதும் மாப்ள. உன் பொண்டாட்டி ஆகுறதுக்கு முன்னாடி அவ எனக்குத் தங்கச்சி. அவ விரலை என்கிட்டயே டியூஷன் பொண்ணுன்னு விக்கப் பாக்குறியா?

— ...எப்பலேருந்து தெரியும்?

— பத்து மாசமா. முதல் பாட்டு, எட்டாவது அடி.

— ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க!

— என்னத்தைக் கேக்க? வாரத்துக்கு ஒருநாள் வந்து, ‘கை விட்டுப்போச்சு மச்சான், அவ்வளவு வாசிப்பு’ன்னு சோம்பல் முறிச்சுக் காட்டுவே. நல்லாத்தான் நடிச்சே, கைதட்டலாமான்னு இருந்துச்சு. நீ படி இறங்கினதும் நான் உக்காந்து சுண்டுவிரல் விழுந்த இடத்தையெல்லாம் தேடி ஒவ்வொண்ணா எண்பதுக்குத் தூக்குவேன். ஒரு பாட்டுக்கு இருநூறு இடம். முப்பது பாட்டு. ஒண்ணுகூடப் பெரியவர் காதுக்குப் போகவிடல.

— எதுக்கு மச்சான் அவ்வளவு பாடு?

— தெரிஞ்சா உன் வேலை போயிடும்.

— அதுக்காக மட்டுமா?

— ...எட்டு வருஷத்துக்கு முன்னாடி அவ இந்த ஸ்டுடியோவுக்கு வந்தா. பெரியவர் முன்னாடி வாசிச்சுக் காட்ட. சொல்லியிருக்காளா?

— சொன்னா. பெரியவர் வேண்டாம்னுட்டாராம். அன்னைலேருந்துதானே உங்ககிட்டப் பேசுறதில்லை. எங்க கல்யாணத்துலகூட உங்களைப் பாத்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

— பெரியவர் அவ வாசிச்சுக் கேக்கவே இல்லை மாப்ள. உள்ளே விட்டாத்தானே? ‘ஒரு விரல் சரியில்லை சார், ஒப்பேறாது’ன்னு நானே சொல்லி, வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்.

— நீங்களா?

— அவ தினம் இங்க வந்தா, தினம் அந்த விரலை நான் பாக்கணுமே.

— சின்ன வயசுல கதவுல நசுங்கின விரல். அதைப் பாக்குறதுல உங்களுக்கு என்ன?

— கதவு எப்படிச் சாத்திச்சாம்?

— காத்துலன்னுதான் சொன்னா.

— காத்து... அன்னைக்கு வீட்டுல ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கல. வெளியில ஒரு இலை ஆடல. காத்து எங்கிருந்து வந்துச்சுன்னு யாருமே கேக்கல தெரியுமா? நான் அழுதுட்டே சொன்னேன், எல்லாரும் நம்பினாங்க.

— மச்சான்...

— எனக்குப் பத்து வயசு, அவளுக்கு ஏழு. என்கிட்ட ஒரு பொம்மைக் கீபோர்டு, ரெண்டு சாண் இருக்கும். யாரும் தொடக் கூடாது. தொட்டுட்டு ஓடினா. கதவிடுக்கைப் பிடிச்சுட்டு நின்னா, அந்தப் பக்கம் திரும்பி, சிரிச்சுக்கிட்டு. நான் அடிச்சுச் சாத்தினேன்.

— வேணும்னேவா மச்சான்?

— என்னை விட அவ நல்லா வாசிப்பா. அப்பவே. பொம்மைக் கீபோர்டுலயே தெரிஞ்சுது.

— மணி மூணரை ஆச்சு.

— ஃபோனைக் குடு, அவளையே வரச் சொல்லலாம். என் நம்பர்னா எடுக்க மாட்டா, உன்னோடதுலேருந்து கூப்பிடுறேன்.

— எடுக்குறாளா?

— அடிக்குது... இன்னும் அடிக்குது. இப்போ கட் பண்ணிட்டா.

— இந்த நேரத்துல நான் கூப்பிட மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். நீங்கன்னு கண்டுபிடிச்சிருப்பா.

— சரி. அப்போ ஒண்ணுதான் வழி. பெரியவர் வரட்டும். வாசிச்சது அவ, அன்னைக்கு வாசல்ல பொய் சொல்லித் திருப்பினது நான், பத்து மாசமா நம்பரைத் திருத்தினதும் நான். எல்லாத்தையும் சொல்லிடுறேன்.

— என் வேலை?

— போகும். என்னோடதும் சேந்து போகும். உனக்குக் கை போச்சு மாப்ள, எனக்கு மூஞ்சி போகட்டும். அவ வந்து அந்த நாற்காலியில உக்காரணுமா இல்லையாங்கிறதை அவளே முடிவு பண்ணிக்கட்டும்.

— செருப்புச் சத்தம் கேக்குது. சீக்கிரமே வந்துட்டார் போல.

— வரட்டும். அவ சுண்டுவிரலோட அந்த முப்பத்தஞ்சைத் தொடல, அப்படியே வச்சிருக்கேன். மாப்ள... ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணு. இப்போ சொன்ன கதவுக் கதை உன்னோட இருக்கட்டும். மத்தது எல்லாம் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். அது மட்டும் வேண்டாம். இத்தனை வருஷமா அவ காத்துன்னு நம்பிட்டிருக்கா.

— முதல் பாட்டு வெளியில வந்த அன்னைக்கு அவ மூணு தடவை கேட்டா மச்சான். ‘என் சுண்டுவிரலை யாரோ தூக்கிவிட்டிருக்காங்க’ன்னா. மெஷின் பண்ணியிருக்கும்னேன். ‘மெஷின்னா எல்லா விரலையும் தூக்கியிருக்குமே... இந்த ஒண்ணை மட்டும் இப்படித் தேடித் தேடித் தூக்க, கதவைச் சாத்தினவனுக்குத்தான் வரும்’னா. எங்கேயாவது பேச்சு வந்தா காத்துன்னே சொல்லுங்கன்னு என்கிட்டச் சொல்லிவச்சதும் அவதான்.