நகத்துல ஏறுன நீலம்

இல்ல சிஸ்டர், அது அழுக்கு இல்ல. சாயம். அவுரி சாயம். எத்தினி தேச்சாலும் போவாது, பஞ்ச வீணாக்காதீங்க. வெளிய நிக்குதே ஒரு பொண்ணு, பச்ச சுடிதாரு, உஷாராணி, அவள கேளுங்க. எங்க அக்கா கை எப்பவுமே இப்பிடித்தான்னு சொல்லுவா.

பேரா? ஆரோக்கியமேரி. வில்லியனூரு, மாதா கோயில் பக்கம். பேர்ல இருக்கறது ஒடம்புல இல்லியேன்னு எங்க வூட்டுக்காரரு நக்கலு பண்ணுவாரு. அவருக்கு போன் போடாதீங்க, சொம்மா பயந்துக்குவாரு. மயக்கம்னு கூட சொல்ல முடியாது. கிளாஸ் எடுத்துக்கினு இருந்தேன், கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு, ஒக்காந்துட்டேன், அவ்ளோதான். இவளுங்கதான் கத்தி ஊரக் கூட்டி ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கினு வந்துட்டாளுங்க.

வெத்தலயா? ம், துப்பிடறேன். இப்பதான் போட்டேன், இருங்க.

இன்னா கிளாஸுன்னா, கம்பளி வேல. கரிக்கலாம்பாக்கத்துல பிளாட்டு போட்டு கல்லு நட்டு வெச்சிருக்காங்களே, அதுக்கு மின்ன ஒரு ஷெட்டு. செம்மறி ஆட்டு முடிய சீவி பஞ்சு மாரி பரப்புவோம். ஒரு வரிச குறுக்கால, ஒரு வரிச நெடுக்கால. சுடுதண்ணியும் சோப்பும் தெளிச்சு, பாயில சுருட்டி உருட்டு உருட்டுன்னு உருட்டணும். நெய்யவும் வேணாம், தைக்கவும் வேணாம். முடி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கினு அதுவே கெட்டித் துணியா ஆய்டும். ஃபெல்ட்டுன்னு சொல்லுவாங்க. தொப்பி, பை, பொம்ம எல்லாம் பண்றோம். ஒரு காலத்துல நானு பாட்டு பாடிக்கினே உருட்டுவேன் சிஸ்டர். இப்ப நாற்காலி போட்டு ஒக்காந்துக்கினு, நல்லா அழுத்துடி, அரிசியா களையறன்னு வாயாலதான் வேல. இன்னிக்கி செல்வகுமாரிக்கு கை படியவே இல்ல. நவுருடின்னு நானே குனிஞ்சேன். அதுக்குள்ள கவுந்துட்டேன்.

மூச்சு கொஞ்சம் வாங்குது. வெயிலு இல்ல?

வெரல்ல அந்தக் கிளிப்ப மாட்டி பிரயோஜனம் இல்லீங்க. அது சாயத்துல ஏமாந்துபோவும். கொரோனா சமயத்துல தெருவுக்கு வந்து மாட்டுனாங்க, ஆக்சிஜன் எழுவதுன்னு காட்டிடுச்சு. மாட்டுன பொண்ணு அலறி அடிச்சிக்கினு ஆம்புலன்ச கூப்ட்டுடுச்சு. பெரியாஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தா ஒண்ணுமே இல்ல. தெருவே சிரிச்சுது. தோ, பாத்தீங்களா, எழுவத்தி நாலு. நாந்தான் சொன்னேனே. நெஜமாவே எழுவத்தி நாலுன்னா ஒருத்தி இப்பிடி வாயாடிக்கினு இருப்பாளா?

அவுரி தொட்டிய நீங்க பாத்தது இல்லியா? உள்ள நீலமே இருக்காது. பாசி புடிச்ச குளம் மாரி பச்சையா இருக்கும், நாத்தம் வேற. கம்பளிய முக்கி எடுத்தா பச்சையாத்தான் வரும். வெளிய வந்து காத்து படப் படத்தான் நீலம் ஏறும். மொத நாளு பாக்கற பொண்ணுங்க எல்லாம் வாயப் பொளந்துக்கினு நிப்பாளுங்க. வெறுங்கைய உட்டா நகத்துல போயி ஒக்காந்துக்கும். கண்ணாலம் காட்சிக்கு போனா முந்தானைல கைய மறச்சிக்குவேன்.

இன்னா? போலாமா? வெயிலு மயக்கந்தான்ங்கறீங்களா? கை சாயத்தாலதான் அப்பிடி காட்டுது, ம். உப்பு சக்கர தண்ணி குடிச்சிட்டு படுத்தா சரியாய்டும். சரிங்க சிஸ்டர். அப்பாடா. மாதா காப்பாத்துனா.

இல்ல, உஷாராணிய இப்ப கூப்புடாதீங்க. நானே எழுந்துக்கறேன். ஒரு நிமிஷம்.

அந்தக் கதவ கொஞ்சம் சாத்துங்க சிஸ்டர்.

எனக்கு ஒரு அக்கா இருந்தா. விஜயராணி. நாலு படி ஏறுனா நின்னுடுவா. உதடு எப்பவும் ஊதாவா இருக்கும். நாவப்பழம் தின்னேண்டின்னு சொல்லுவா. எங்க வூட்டு வாசல்லியே மரம் இருந்துச்சு, அதனால யாரும் திருப்பிக் கேக்கல. மரத்துல பழம் இல்லாத மாசத்துலயும் நாங்க கேக்கல. பாகூர் ஏரிக்கரைல பஸ்ஸுக்கு ஓடுனவ விழுந்துட்டா. நெஞ்சுல ஓட்ட, பொறந்ததுல இருந்தே இருந்திருக்குதுன்னு அப்பால டாக்டர் சொன்னாரு. கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாம், வந்து பாத்துக்குங்கன்னு சொன்னாரு. நானு போவல. பயம். பாக்காத வரைக்கும் இல்லன்னு நெனச்சுக்கலாமில்ல.

இப்பவும் பயமாத்தான் இருக்குது. இங்க தூக்கிக்கினு வந்தப்ப கூட, எப்பிடியாவது பேசி வூட்டுக்குப் போய்டணும்னுதான் இருந்தேன். நீங்க போங்கன்னு சொன்னதும்தான் கதவ சாத்தச் சொன்னேன். நீங்களும் நம்பிட்டீங்களே. இனிமே கேக்கறதுக்கு ஆளே இல்லியே.

தொட்டியில கைய வெச்சு எத்தினி நாளாச்சா? பொங்கலுக்கு மின்ன வெச்சது. கலக்கறதுக்கு மூச்சு பத்தல, கவுத்துப் போட்டுட்டேன். வூட்டுக்குப் பின்னால தனியா போடறேன்னு பொண்ணுங்ககிட்ட சொல்லி, பழைய நீலக் கம்பளிய வெச்சு ஓட்டிக்கினு இருக்கேன். இப்ப ஆடியே பொறந்துடுச்சு. சாயம் பட்ட நகமெல்லாம் வளந்து வெட்டிப் போட்டாச்சு சிஸ்டர். இது புது நகம். கம்பளி காத்து பட்டு நீலமாவும். நானு காத்து பத்தாம நீலமாவறேன்.

அந்த சொம்ப இப்பிடி குடுங்க, வாய கொப்பளிச்சிடறேன். வெத்தல போடற பழக்கமே எனக்குக் கெடையாது. வெளக்க போட்டு உதட்டப் பாருங்க.