பதினேழு மாட்டிலும் ஒரே குறி

கழுத்தில் மாலையும் கையில் கைபேசியுமாகத் தலைமைக் கதிரையை நிறைத்திருக்கும், காட்டுக்குப் பொறுப்பான அதிகாரி ஐயா அவர்களே! பொன்னாடைக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும் பெரியோர்களே! சித்தாண்டியிலிருந்து வெயிலில் நடந்துவந்து வெறுந்தரையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! இப்போது திரைவிலக்கிய இந்தப் படத்தைக் கீறிய ஓவியக்காரி சுலோஜனா தலைவணங்குகிறேன்.

எத்தனை மரம்! எத்தனை நிழல்! பாலையும் வீரையும் பச்சைப்பசேலென நிற்க, மேய்ப்பவர்கள் மரத்தடியில் சாய்ந்திருக்க, மாடுகள் வயிறார மேய்கின்றன. சுவரில் தொங்கும் துணியில் மேய்கின்றன, ஐயா! வெளியில் மேய்ந்தால் வழக்கு!

வயல்வட்டையில் நெல் விதைத்ததும் மாடுகளைக் காட்டு மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துப்போவது நம் வழக்கம். இந்த ஆண்டு அங்கே கம்பிவேலி. முன்வரிசையில் இருக்கும் ஆச்சிப்பிள்ளை மாமிக்கு ஐயா கடிதம் போட்டார்: “இக்காட்டில் உமது மாடுகள் ஒருபோதும் மேய்ந்ததில்லை.” மாமியின் அறுபது மாடுகள் இன்று வீதியோரம் பொலித்தீன் தின்கின்றன. இரண்டு கன்றுகள் செத்தும்போயின.

படம் பாதியில் இருந்தபோது மாமி பார்க்க வந்தார். “மாட்ட வடிவாத்தான் கீறியிருக்காய் புள்ள. குறி எங்க? குறி சுடாத மாட்ட ஆரும் தன்ட மாடெண்டு புடிச்சிக் கட்டுவான்” என்றார். கரித்துண்டை எடுத்து, ஒரு மாட்டின் தொடையில் தன் வீட்டுக் குறியைத் தானே போட்டார்.

மறுநாள் ஐயா வந்தார். “ஆ! இந்தக் கோலம் நல்ல வடிவா இரிக்கே! எல்லா மாட்டுக்கும் போடுங்க தங்கச்சி!”

போட்டேன்! பதினேழு மாட்டுக்கும் போட்டேன்!

என்ன தம்பி, சிரிப்பு வருகிறதா? நன்றாகச் சிரியுங்கள், ஐயாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

சற்றுமுன் ஐயா என்ன முழங்கினார்? “இதில் உள்ளதெல்லாம் உண்மை! நம் காடு உள்ளபடி!” முழங்கியதோடு விட்டாரா? படத்தின் கீழே அதையே எழுதி, கையொப்பமிட்டு, முத்திரையும் குத்தினார்!

சபையோரே, அந்தக் குறி ஆருடையது? ஓம், இன்னும் பலமாகச் சொல்லுங்கள், ஐயாவுக்குக் கேட்கட்டும்!

கேட்டதா, ஐயா? ஆச்சிப்பிள்ளையின் மாடு அந்தக் காட்டில் மேய்ந்ததேயில்லை என்று எழுதியதும் உங்கள் கை. மேய்கிறது என்று முத்திரை குத்தியதும் உங்கள் கை. எது பொய்? படம் பொய்யென்றால் இத்தனை பேர் முன்னால் கிழியுங்கள், கத்தி நான் தருகிறேன். கடிதம் பொய்யென்றால் வேலியைத் திறவுங்கள்!

பொறுமையாகக் கேட்ட சபைக்கும், பொறுமையிழந்த மாடுகளுக்கும் நன்றி. ஒலிவாங்கியை ஐயாவிடம் கொடுக்கிறேன். பதில் கிடைக்கும்வரை எவரும் எழும்பவேண்டாம். வணக்கம்!